பட்டா நிலத்தில் ஒரு கொடிக்கம்பம்

பொது இடங்களில் நிற்கும் கட்சிக் கொடிக்கம்பங்களைப் பன்னிரண்டு வாரத்துக்குள் அகற்ற வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 ஜனவரி 27 அன்று உத்தரவிட்டது. மதுரையில் கம்பம் நட அனுமதி கேட்டுப் போன வழக்கு அப்படி முடிந்தது. மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வும் அதை உறுதிசெய்தது. கட்சிக்காரர்களே தங்கள் கம்பங்களை எடுத்துவிடும்படி திமுக பொதுச்செயலாளர் துரைமுருகன் அறிக்கை விட்டார். அந்தக் கோடையில்தான் விருதுநகரில் தொடங்கி மதுரை, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி என்று பஸ் பஸ்ஸாக மாறிப் போனேன்.

சாதாரண மனிதர்கள் பெரிய கட்சிகளைத் தங்களுடையதாக நினைக்கிறார்களா? சென்னையில் என்னோடு பேசுகிறவர்கள் பலரும் இதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். காசுக்கு வருகிற கூட்டம், பிரியாணிக்கு வருகிற கூட்டம், அவ்வளவுதான் என்பார்கள். அந்தப் பதிலில் இருக்கிற அலட்சியம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கொடியைக் கழற்றிய பிறகும் ஒரு தெருவில் கட்சி மிச்சமிருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று கிளம்பினேன்.

விருதுநகரை நெருங்கும்போது சாலையோரம் அறுபட்ட கம்பங்கள் கண்ணில் பட்டன. ஊருக்குள் ஒரு முக்கில் நின்று பார்த்தேன். கம்பத்தை கேஸ் கட்டரால் அடியோடு அறுத்திருந்தார்கள். பீடத்தின் மேல் விரற்கடை உயரத்துக்குக் குழாயின் வாய் மட்டும் கறுத்து நீட்டிக்கொண்டிருந்தது. நான்கு படி வைத்த பீடம், மேல்படியில் குளியலறைக்கு ஒட்டுகிற பூப்போட்ட டைல்ஸ். முகப்பில் கல்வெட்டு. "கொடியேற்றி வைத்தவர்" என்பதற்குக் கீழே இருந்த பெயர் உடைந்துபோயிருந்தது. அதற்கும் கீழே கிளைக் கழகத்தின் பதினோரு பெயர்கள் பொடி எழுத்தில் அப்படியே இருந்தன. அவைத்தலைவர், செயலாளர், பொருளாளர், பிரதிநிதிகள். மூட்டை தூக்குகிறவர், தையற்காரர், டீக்கடைக்காரர் என்று அந்தத் தெருவின் ஆட்களாகத்தான் இருப்பார்கள். அரசாங்கத்தின் எந்தக் கல்லிலும் ஏறாத பெயர்கள் கட்சியின் கல்லில் ஏறியிருந்தன. கட்சி ஏன் பிடித்தது என்று கேட்கிறவர்கள் அந்தப் பதினோரு பெயர்களை ஒருமுறை நின்று படிக்கலாம்.

காமராஜர் வளர்ந்த வீடு இந்த ஊரில் நினைவில்லமாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது பழக்கமான பெரியவர் ஒருவர், பருப்பு வியாபாரம் பார்த்து ஓய்ந்தவர், தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். முன்னறைச் சுவரில் காந்தி, நேரு, காமராஜர் என்று வரிசையாகப் படங்கள். 1967-இல் காமராஜர் இதே ஊரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றபோது இவருக்குப் பள்ளிக்கூட வயசு. அப்பா அன்று சாப்பிடவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறதாம். அந்த ஆண்டு போன காங்கிரஸ் ஆட்சி தமிழ்நாட்டுக்குத் திரும்ப வரவேயில்லை.

"அண்ணாச்சி, போன சட்டமன்றத் தேர்தல்ல எதுல போட்டீக?" என்று கேட்டேன்.

"சூரியன்ல தம்பி. கூட்டணி. இந்தத் தொகுதிய அவுகளுக்குக் குடுத்துட்டாக. பார்லிமெண்டுக்குத்தான் நமக்குக் கை. எங்கய்யா இருந்தா என்னைய வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டாரு."

சொல்லும்போது அவர் குரலில் கசப்பு இல்லை. அப்போதே ஐம்பத்தெட்டு வருடமாக ஆட்சிக்கு வராதிருந்த ஒரு கட்சியால் இவருக்குக் காண்ட்ராக்டும் கிடைக்கப்போவதில்லை, பதவியும் கிடைக்கப்போவதில்லை. காமராஜரைத் தோற்கடித்த சின்னத்திலேயே பொத்தானை அழுத்தச் சொன்னால் அழுத்திவிட்டு வந்து "எங்க வீடு காங்கிரஸ் வீடு" என்கிறார். இந்தப் பற்றை எந்தப் பிரியாணிக் கணக்கில் சேர்ப்பது? அதே சமயம், இந்த ஊரின் ஓட்டு முழுவதும் பழைய நினைவுக்கே விழுகிறது என்றும் சொல்ல முடியாது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் காங்கிரஸின் மாணிக்கம் தாகூர், விஜயகாந்தின் மகன் விஜய பிரபாகரனை 4,379 ஓட்டில்தான் தாண்டினார். கையை முரசு அவ்வளவு நெருங்கி வந்தது. முரசுக்குப் போட்டவர்களில் காங்கிரஸ் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு என்று பெரியவரே சொன்னார். அதில் அவர் பேரனும் ஒருவன்.

திருமங்கலத்தில் பஸ் டீக்கு நின்றது. 2009 ஜனவரி இடைத்தேர்தலுக்குப் பிறகு இந்த ஊரின் பெயரோடு "ஃபார்முலா" என்ற சொல் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஓட்டுக்குப் பணம் என்றாலே நாடு முழுக்க இந்த ஊரைச் சொல்கிறார்கள். பணம் வாங்கவே இல்லை என்று இங்கே யாரும் என்னிடம் சாதிக்கவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், "ரெண்டு பக்கமும் குடுத்தா ரெண்டு பக்கமும் வாங்குவோம், போடுறவனுக்குத்தான் போடுவோம்" என்றார். பணம் ஓட்டையே வாங்கிவிடும் என்றால், இரண்டு கட்சியும் கொடுத்த ஊரில் ஒரு கட்சி மட்டும் எப்படி ஜெயிக்கிறது? பணம் கொடுக்கிறவர்களின் குற்றத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் குற்றத்தை மக்கள் தலையில் கட்டி, அவர்களுக்கு அரசியலே கிடையாது என்று முடித்துவிடுவது அதைவிடப் பெரிய குற்றம்.

மதுரையில் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைகளுக்கு நடுவே கரை வேட்டி விற்கிற கடை ஒன்றில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் அடுக்கை இறக்கிக் காட்டினார். கறுப்பு சிவப்பு ஒரு தட்டில், கறுப்பு வெள்ளை சிவப்பு அடுத்த தட்டில். கரையின் அகலத்தில் தரம் பிரிகிறது. விரலகலக் கரை அன்றாடத்துக்கு, நாலு விரல் அகலம் மாநாட்டுக்கும் கல்யாணத்துக்கும். மேடையில் உட்காருகிறவர்கள் மெல்லிய கரையைக் கேட்கிறார்கள், மேடைக்குக் கீழே நிற்கிறவர்கள்தான் பட்டைக் கரையைத் தேடி வாங்குகிறார்கள் என்றார். மடிப்பு கலையாமல் ஒரு வேட்டியை விரித்து, கரை மடிப்புக்கு வெளியே விழும்படி திருப்பி மடித்தார். கரை தெரியாவிட்டால் வாங்குகிறவர் கோபித்துக்கொள்வாராம்.

"ஆட்சியில இருக்கிற கட்சியோட வேட்டிதானேண்ணே கூட விக்கும்?"

"ஜெயிச்ச வருசம் புது ஆளுக வந்து வாங்குவாங்க. தோத்த வருசம் வந்து வாங்குறவன்தான் கட்சிக்காரன். அவன் பேரம் பேச மாட்டான்."

தேர்தல் கணக்குகளைப் புரட்டுகிற பழக்கம் எனக்கு உண்டு. இவர் சொன்னதற்கு அங்கே சாட்சி இருக்கிறது. 1991-இல் ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் அடித்த அலையில் திமுகவுக்குக் கிடைத்தது இரண்டே இடம். ஆனால் எல்லாத் தொகுதியிலும் நிற்காமலேயே மாநிலத்தின் மொத்த ஓட்டில் 22 சதவீதத்துக்கு மேல் அதற்கு விழுந்தது. 1996-இல் அலை எதிர்ப்பக்கம் திரும்பியது. பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார், அதிமுக நான்கு இடத்தில் நின்றது. அப்போதும் 21 சதவீதத்துக்கு மேல் இரட்டை இலைக்குக் குத்தியிருக்கிறார்கள். தோற்கப்போகிறது என்று தெருவே பேசிக்கொண்டிருந்த கட்சிக்கு ஐந்தில் ஒருவர் வரிசையில் நின்று போட்ட ஓட்டு அது. அந்த ஐந்தில் ஒருவரைத்தான் கட்சியோடு தன்னைச் சேர்த்துப் பார்க்கிறவர் என்று நான் நினைக்கிறேன். இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1989 முதல் 2011 வரை ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் ஆட்சி மாறியது. எல்லோரும் கட்சி கட்டியே நின்றிருந்தால் அது நடந்திருக்காது. நடுவில் இருக்கிற பெருங்கூட்டம் கட்சிக்காரர்களின் வாக்குவாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்து, கடைசியில் கணக்குத் தீர்க்கிறது.

அந்த ஐந்தில் ஒருவர் எப்படி உண்டானார்? 1949 செப்டம்பர் 17 அன்று ராயபுரம் ராபின்சன் பூங்காவில் திமுக தொடங்கியபோது அதனிடம் பேச்சும் பத்திரிகையும்தான் இருந்தன. அதற்கப்புறம் ஊருக்கு ஊர் படிப்பகம் வந்தது. கீற்றுக்கொட்டகையில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் கேட்டார்கள். ஐயர் இல்லாமல், தலைவர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்ட கல்யாணங்கள் நடந்தன. அண்ணா முதலமைச்சரானதும் அவை சட்டப்படி செல்லும் என்றாக்கினார். பிள்ளைகளுக்கு இளங்கோவன், நெடுஞ்செழியன், அன்பழகன் என்று பெயர் விழுந்தது. வாக்காளர் பட்டியலில் ஐம்பது, அறுபது வயதுக்காரர்களின் பெயர்களை வரிசையாகப் படித்தால் அப்பன் எந்தக் கட்சி என்று பாதி தெரிந்துவிடும். எம்.ஜி.ஆர். 1972-இல் பிரிந்தபோது அவருடைய ரசிகர் மன்றங்கள் அப்படியே கிளைகளாக மாறின. பிறப்பு, கல்யாணம், கடைசியில் உடம்பின்மேல் போர்த்துகிற கொடி என்று வாழ்க்கையின் எல்லாப் படியிலும் கட்சி வந்து நின்றது. அதனால்தான் அது ஒட்டியது.

அரப்பாளையத்தில் பஸ் ஏறி செக்கானூரணியில் இறங்கி, ஒரு டவுன் பஸ்ஸுக்கு மாறினேன். பெண்களுக்குக் கட்டணமில்லாத வண்டி. பூக்கூடையோடு ஏறிய இரண்டு பேர் எனக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை ஒருவருக்கு வருகிறது, மற்றவருக்கு வரவில்லை. வராதவருக்கு ஏன் வரவில்லை என்று இருவரும் சேர்ந்து ஆராய்ந்துகொண்டு வந்தார்கள். இதைக் கொடுக்கிற கட்சிக்குத்தான் ஓட்டா என்று கேட்டேன். வாங்குகிறவர்தான் பதில் சொன்னார்: "அது கவர்மெண்டு காசு தம்பி. நாங்க உப்புக்கும் புளிக்கும் குடுக்கிற வரி. கட்சி வேற, கவர்மெண்டு வேற." வராதவர் சிரித்தார். தான் சூரியனுக்குத்தான் போட்டதாகவும், அடுத்த தடவையும் அப்படித்தான் என்றும் சொன்னார். யார் எதை வாங்கினார்கள் என்று பார்த்து யாருக்குப் போடுவார்கள் என்று சொல்ல முடியாது என்பதற்கு அந்த ஒரு இருக்கை போதும்.

உசிலம்பட்டியில் அதிகம் நிற்கவில்லை. பி.கே. மூக்கையா தேவர் பல தேர்தல்களில் தொடர்ந்து ஜெயித்த, ஃபார்வர்டு பிளாக்கின் சிங்கச் சின்னம் கோலோச்சிய ஊர் இது. பெரிய கட்சிகளுக்கு வெளியே இப்படியும் ஒரு பிடிப்பு இருந்தது. அதன் வேர் சாதியில் இருந்தது என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை. இன்று பெரிய கட்சிகளும் இங்கே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் அதைத்தான் பார்க்கின்றன. ஒரே சாதிக்குள்ளிருந்தே எல்லாக் கட்சியும் ஆள் நிறுத்தும்போது, ஓட்டுப் போடுகிறவர் மறுபடியும் கட்சியைப் பார்த்துத்தான் போட வேண்டியிருக்கிறது.

கணவாய் ஏறி இறங்கினால் ஆண்டிபட்டி. எம்.ஜி.ஆர். 1984-இல் நியூயார்க் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்த படுக்கையாக இருந்தபடி ஜெயித்த தொகுதி. பிரசாரத்துக்கு அவர் வரவில்லை, அவர் சிகிச்சை பெறும் படம்தான் ஊர் ஊராக ஓடியது. 2002-இலும் 2006-இலும் ஜெயலலிதா இங்கேதான் நின்றார். இரட்டை இலையின் கோட்டை என்றால் இதைத்தான் சொல்வார்கள். அந்தக் கோட்டையில் 2019 இடைத்தேர்தலில் கூடப்பிறந்த இரண்டு பேர் எதிரெதிரே நின்றார்கள். திமுகவில் மகாராஜன், அதிமுகவில் லோகிராஜன். ஜெயித்தது சூரியன். 2021-இலும் அதே அண்ணன் தம்பி, அதே முடிவு.

அந்த ஊரில் ஒரு கட்சியின் கிளைச் செயலாளரைப் பார்த்தேன். இருபத்தைந்து வருடமாக பூத் ஏஜெண்ட். எந்தக் கட்சி என்று எழுத வேண்டாம் என்றார். தன் பாகத்து வாக்காளர் பட்டியலின் ஜெராக்ஸை பீரோவிலிருந்து எடுத்துவந்து கட்டிலில் விரித்தார். பழைய பட்டியல் ஒன்று, புதியது ஒன்று. பழையதில் கதவிலக்கத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரே அடைப்பு. அந்த வீட்டின் ஏழு பெயரையும் சேர்த்து ஒரு வட்டம் அல்லது ஒரு பெருக்கல் குறி. வட்டம் என்றால் நம்மவர்கள், பெருக்கல் என்றால் எதிராளிகள். புதிய பட்டியலில் ஒரே கதவிலக்கத்துக்கு எதிரே நாலு பெயருக்கு நாலு குறி. பெரியவருக்கு வட்டம், மகனுக்குப் பெருக்கல், மருமகளுக்குக் கேள்விக்குறி, பேரனுக்கு ஒன்றும் போடாமல் வெறும் கோடு.

"முன்னெல்லாம் வீட்டு ஓட்டுன்னு ஒண்ணு இருந்துச்சுண்ணே. ஆம்பளைக்கிட்டப் பேசிட்டா போதும், கணக்கு முடிஞ்சிரும். இப்ப பொம்பளைக கிட்டத் தனியாப் பேசணும், பயலுககிட்டத் தனியாப் பேசணும். பேசினாலும் சிரிக்கிறாகளே தவிர சொல்ல மாட்டேங்கிறாக."

அவர் அதைக் குறையாகச் சொன்னார். எனக்கு அந்தக் கேள்விக்குறிகளைப் பார்த்ததும் மனம் நிறைந்தது. கல்யாணமாகி வந்த நாளிலேயே புகுந்த வீட்டின் கட்சிக்கு மாறிவிட வேண்டியிருந்த பெண், இப்போது அந்தப் பட்டியலில் தனி ஆளாக நிற்கிறாள். கட்சிப்பற்று தேய்ந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள், அதில் எவ்வளவு பங்கு அப்பனுடைய, புருஷனுடைய பற்று என்பதையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் அந்த வெறும் கோடு என்னைக் கவலைப்பட வைத்தது. பேரனுக்கு எந்தக் கட்சியின் ஆளும் நேரில் தெரியாது. படிப்பகம் பூட்டிக் கிடக்கிறது. கிளைக் கூட்டம் வாட்ஸ்அப்பில் நடக்கிறது. கட்சிகள் வேட்பாளர் செலவுக்கும் விளம்பரத்துக்கும் கொட்டுவதில் நூற்றில் ஒரு பங்கைத் தெருவில் உட்கார்ந்து பேசச் செலவிடுவதில்லை. 2006-இல் விஜயகாந்த் முதல் தேர்தலிலேயே எட்டு சதவீதத்துக்கு மேல் வாங்கினார். 2024-இல் நாம் தமிழர் கட்சி தனியாக நின்று அதே அளவைத் தொட்டது. நான் போன கோடையில், விஜய் 2024 அக்டோபரில் விக்கிரவாண்டியில் கூட்டிய கூட்டத்தைப் பற்றித்தான் டீக்கடைகளில் பேச்சாக இருந்தது. இளைஞர்களுக்குக் கட்சியே வேண்டாம் என்றாகிவிடவில்லை. தங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு கட்சியை அவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தேடலை இரண்டு பெரிய கட்சிகளும் கண்டுகொள்ளாமல் இருப்பது எனக்கு வருத்தமாகவும் கோபமாகவும் இருக்கிறது.

கிளைச் செயலாளரோடு பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போனேன். தறிச்சத்தம் கேட்கிற ஊர். நீதிமன்ற உத்தரவு பொது இடத்துக்குத்தான், சொந்தப் பட்டா நிலத்தில் அனுமதி வாங்கி நட்டுக்கொள்ளலாம் என்பதால், அந்த ஊரின் அதிமுகக்காரர்கள் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருடம் புறம்போக்கில் கம்பம் நின்றபோது யாரும் யாரையும் கேட்கவில்லை. இப்போது ஒருவர் தன் மண்ணில் இரண்டடிக்கு இரண்டடி விட்டுக்கொடுக்க வேண்டும். வசதியானவர்கள் இரண்டு பேர், ஒரு காலத்தில் ஒன்றியப் பதவியில் இருந்தவர்கள், மழுப்பிவிட்டார்களாம். சம்மதித்தது தெருக்கோடியில் ஓட்டு வீட்டில் இருக்கிற ஒரு அம்மா.

அவருக்கு எழுபதை ஒட்டிய வயது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தபோது அவர் கைக்குழந்தையோடு விதவையாகி இரண்டு வருடம். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை கிடைத்தது. "அதுக்கு முந்தி என்னைய யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டாக தம்பி. காலையில எந்திரிச்சு வெளிய வந்தா சகுனம் சரியில்லன்னு திரும்பிருவாக. அம்புட்டுப் பிள்ளைகளுக்கும் நான் சோறு போட்டேன். டீச்சரம்மா எனக்கு வணக்கம் சொன்னாக." எம்.ஜி.ஆர். இறந்தபின் கட்சி உடைந்து, 1989-இல் இலை முடங்கி, ஒரு பக்கம் சேவலும் மறு பக்கம் புறாவுமாக நின்றபோது எதற்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். "எங்கிட்டுப் போடன்னு தெரியாம அழுதுக்கிட்டே போனேன்" என்றார். எதற்குப் போட்டார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

மகன் விசைத்தறி ஓட்டுகிறவர். அவருக்கு இதில் சம்மதமில்லை. அவர் பொண்டாட்டி வீடு பரம்பரையாக சூரியன். வாசலில் கம்பம் நின்றால் வீட்டுக்கு ஒரு முத்திரை விழுந்துவிடும், நாளைக்கு ஒரு லோனுக்கோ சான்றிதழுக்கோ போனால் அதைப் பார்ப்பார்கள் என்பது அவர் கவலை. அந்தக் கவலையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். கட்சிப்பற்று உள்ள ஏழைக்கு அதற்கான விலையும் தெரிந்துதான் இருக்கிறது.

வாசலில் வைத்து வெகுநேரம் பேச்சு நடந்தது. மருமகள் குறுக்கே பேசவில்லை, காபி மட்டும் கொண்டுவந்து வைத்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கம்பம் வாசலில் வேண்டாம், மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் நடலாம். பீடத்தில் கல்வெட்டு கூடாது, எந்தத் தலைவரின் பெயரும் ஏறக் கூடாது. கொடியேற்றுவது மந்திரியோ மாவட்டமோ கிடையாது, அம்மாதான். கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்கள்.

அதுவரை பைக் மேல் சாய்ந்து நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்த பேரன் நிமிர்ந்தான். வண்டியின் முன்பக்கம் விஜய் கட்சிக் கொடி ஒட்டியிருந்தது.

"அப்பத்தா, எங்க கட்சிக்கும் பக்கத்துல ரெண்டடி குடு."

"பட்டா எம் பேர்ல இருக்குடா. உம் பேருக்கு மாறட்டும், அப்ப நட்டுக்க. இப்ப போய் கடப்பாரைய எடுத்துக்கிட்டு வா, குழி தோண்டணும்."

அவன் எடுத்துவரப் போனான்.